வீட்டுலதானே இருக்கீங்க!

ரிட்டையரான பெண்ணின் நேரம் புறம்போக்கு நிலம் மாதிரி. பட்டா யார் பேரிலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் மாட்டைக் கட்டலாம், வைக்கோல் போர் போடலாம், ரெண்டு நாள் கழித்து வேலியும் போட்டுக்கொள்ளலாம். அறுபது வயதில் வங்கியில் எனக்குச் சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து, நாலு பேர் கண்கலங்கப் பேசி வழியனுப்பினார்கள். அந்தச் சால்வையை மடித்து பீரோவில் வைப்பதற்குள் ஆக்கிரமிப்பு ஆரம்பித்துவிட்டது.

முதலில் வந்தது மாடி வீட்டுப் பெண். "ஆன்ட்டி, நீங்க வீட்டுலதானே இருப்பீங்க, ஒரு பார்சல் வரும், வாங்கி வெச்சுடுங்க." நல்ல பெண், வேலைக்குப் போகிறாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்சல் என்றால் ஓடிபி உண்டு. ஓடிபி அவள் போனுக்கு வரும். அவள் மீட்டிங்கில் இருப்பாள். டெலிவரிப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, நான்தான் அவனை நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி என்னை முறைப்பான். அடுப்பில் பால் பொங்கும். அடுத்தது அபார்ட்மென்ட் சங்கம். "மேடம் பேங்க்ல இருந்தவங்க, கணக்கு வழக்கு அவங்க பாத்துக்கட்டும்." தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவருக்கு மேல்பார்வை யார் என்றால், அதுவும் மேடம். கேஸ் சிலிண்டர், லிஃப்ட் மெக்கானிக், நாத்தனார் பையனின் ஆதார் திருத்தம், தெருமுனைக் கோயிலின் அன்னதான ரசீது புத்தகம், எல்லாவற்றுக்கும் மேடம்தான்.

என் வீட்டுக்காரர் எனக்கு ஐந்து வருஷம் முன்னால் ரிட்டையரானவர். அவரும் வீட்டில்தான் இருக்கிறார். ஈஸிசேரில், வாசலைப் பார்த்தபடி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் இருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு பார்சலை நீட்டியது கிடையாது. அவர் ரிட்டையரானபோது, "பாவம், உழைச்ச மனுஷன், இனிமேயாவது ஓய்வெடுக்கட்டும்" என்றார்கள். நான் ரிட்டையரானபோது, "அப்பாடா, இனிமே வீட்டைக் கவனிச்சுக்கலாம்" என்றார்கள். முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டைக் கவனித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பேய் போலிருக்கிறது. இட்லி மாவு கூட அரைத்திருக்கிறது.

இது என் வீட்டு விசேஷம் மட்டும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகிவிட்டது. பரவாயில்லை, பத்து நிமிஷம் மிச்சம் பிடித்துவிட்டோமே, அதை ஆண்கள் ஏற்றுக்கொண்டார்களாக்கும் என்று சந்தோஷமாக அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். ஆண்களுக்கு 88. அவர்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் மிச்சம் பிடித்ததைக்கூட இரண்டு தரப்பும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கு போட்டிருக்கிறது. பங்கு போடத் தெரியாது என்று யார் சொன்னது? இதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த 88 நிமிஷத்தில் பேப்பர் படிக்கிறதும் சேர்த்தியா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இந்தப் புறம்போக்கு நிலத்தில் எனக்கென்று நான் வேலி போட்டுக்கொண்டவை இரண்டு. விடியற்காலையில் ஓடுகிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் சல்லிக்காசு வருமானம் கிடையாது. அதனால்தான் இரண்டும் வேலையாக யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஓடுவது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிகளில். நாலு வீதியும் கோயிலைச் சுற்றி நீள்சதுரமாக, நல்ல அகலமாக இருக்கும். தேர் ஓடுகிற வீதியில் நானும் ஓடினால் என்ன என்றுதான் ஆரம்பித்தேன். நாலே முக்கால் மணிக்குத் தெரு விளக்கு வெளிச்சத்தில், வாசல் தெளித்த ஈரத்தைத் தாண்டித் தாண்டி, புதுக்கோலத்தை மிதிக்காமல் ஓட வேண்டும். மிதித்தால் கோலம் போட்டவர் மறுநாளும் ஞாபகம் வைத்திருப்பார். சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிவரும் ஆட்டோக்களுக்கு அந்த நேரத்தில் சாலை விதிகள் இன்னும் கண் விழித்திருக்காது. ஆகவே அவை முதுகுக்குப் பின்னால் வருவதைவிட முகத்துக்கு எதிரே வரட்டும் என்று நான் எதிர்த் திசையில் ஓடுகிறேன்.

அதுதான் வினை. திண்ணைப் பெரியவர் ஒருவர், நான் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கையைத் தட்டிக் கூப்பிட்டார். "அம்மாடி, ஓடறதுதான் ஓடறே, அப்பிரதட்சிணமா ஓடறியே! பெருமாளை வலமா சுத்தினா உடம்புக்கும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு." ஆட்டோவைப் பற்றிச் சொன்னேன். "ரங்கநாதர் பாத்துப்பார்" என்றார். அவர் சயனத்தில் இருப்பவர், அந்த நேரத்தில் அவரை எழுப்பி ஆட்டோவைக் கவனிக்கச் சொல்வது நியாயமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இன்றைக்கும் நான் கடந்து போகும்போதெல்லாம் பெரியவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, திசையைக் காட்டுகிறார்.

நாய்களைச் சமாளித்துவிடலாம். அவற்றுக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் விட்டுவிடும். மனுஷர்களுக்கு அந்த எல்லை கிடையாது. சுரிதார், மேலே தொளதொளவென்று ஒரு டீ-ஷர்ட், இதுதான் என் உடை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று பால் பூத் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், எனக்குக் கேட்கிற மாதிரியான ரகசியக் குரலில் சொல்வாள். இந்த வயசில் எது தேவை என்று ஒரு பட்டியல் எங்கேயோ இருக்கிறது போல. அதில் முட்டி வலியும் மெகா சீரியலும் இருக்கின்றன. ஷூ மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

முட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஓடுகிறேன் என்று தெரிந்த உலகத்தில் ஒருவர்கூட, "முட்டி தேஞ்சிடும்" என்று சொல்லாமல் விட்டதில்லை. வாழைக்காய் விற்பவர் சொல்லிவிட்டார். மருமகளின் அம்மா சொல்லிவிட்டார். சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1984இல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் இரண்டு அணியாக வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. பத்தொன்பதாவது வருஷத்தில் ஓடியவர்களில் இறந்திருந்தது 15 சதவீதம், மற்ற அணியில் 34. ஆரோக்கியமானவர்கள்தானே முதலிலேயே ஓட வருவார்கள் என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி, அதற்கும் கழித்துக் கணக்குப் போட்ட பிறகும் வித்தியாசம் நின்றது. அந்த ஆட்களிலேயே கொஞ்சம் பேருக்கு முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஓடியவர்கள் 45 பேர், ஓடாதவர்கள் 53 பேர். கடைசியில் தேய்மானம் தெரிந்தது ஓடியவர்களில் 20 சதவீதம், ஓடாதவர்களில் 32 சதவீதம். சின்னக் கூட்டம்தான், இதை வைத்து ஓடினால் முட்டி பலப்படும் என்று நான் கூவ மாட்டேன். ஓடினால் சீக்கிரம் தேயும் என்பதற்கு அதில் சாட்சி இல்லை, அவ்வளவுதான். இவ்வளவையும் நாத்தனாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அமெரிக்காக்காரங்க முட்டி வேற" என்று சொல்லிவிட்டார்.

இதே நாத்தனார்தான் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஃபௌஜா சிங் வீடியோவைப் போடுவார். மஞ்சள் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, எண்பத்தொன்பது வயதில் மாரத்தான் ஓட ஆரம்பித்து, நூறு வயதில் டொராண்டோவில் 42 கிலோமீட்டரையும் முடித்தவர். "என்ன ஒரு மன உறுதி! வயது வெறும் எண்தான்!" என்று கைதட்டும் பொம்மைகளோடு வரும். மன் கௌர் பாட்டியின் வீடியோவும் வரும். அவர் 101 வயதில், 2017இல், ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில் நூறு மீட்டர் ஓடி வெற்றியைக் கொண்டாடி ஒரு குட்டி நடனமும் ஆடினார். பஞ்சாபில் ஒரு பாட்டி ஓடினால் உத்வேகம். சித்திரை வீதியில் நான் ஓடினால், "இவளுக்கு என்ன கேடு?" 2025 ஜூலையில் ஃபௌஜா சிங் 114 வயதில், சொந்த ஊர்ப் பக்கம் சாலையில் வண்டி மோதிப் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்ததுமே நாத்தனாரிடமிருந்து போன். "பாத்தியா? ரோட்டுல போனா இப்படித்தான். நீ நிறுத்திடு." நூற்றுப் பதினாலு வயதுவரை என்னை விட்டுவையுங்கள், அப்புறம் நிறுத்துகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் குட்மார்னிங் போடவில்லை. அந்த இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

பெங்களூரில் இருக்கும் பிள்ளை வேறு ரகம். ஓடாதே என்று சொல்ல மாட்டான், படித்தவன். அதற்குப் பதில் இதயத் துடிப்பு பார்க்கிற வாட்ச் வாங்கி அனுப்பினான். அதில் என்னென்னவோ இணைப்புக் கொடுத்திருக்கிறான். நான் கிழக்குச் சித்திரை வீதி திரும்பும்போது என் துடிப்பு அவன் போனில் தெரிகிறது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கூப்பிடுகிறான். "அம்மா, இன்னிக்கு 159 போயிருக்கு. உன் வயசுக்கு 158தான் லிமிட்." 220இலிருந்து வயதைக் கழித்தால் வருகிற எண் அது. எனக்கு 62. ஆனால் அந்த 220 வேத வாக்கு இல்லை. 1971இல் வந்த ஒரு கட்டுரையில், கையில் கிடைத்த சில புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழப் போட்ட கோடு. 2001இல் தனாகா என்பவரும் கூட்டாளிகளும் நிறையப் பேரின் கணக்கை வைத்துப் போட்ட சூத்திரம் வேறு: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். எனக்கு ஏறக்குறைய 165 வருகிறது. அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும். மருத்துவரிடம் காட்டி, டிரெட்மில் ஏறி, ஓடலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஓடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் வட்டிக் கணக்கு போட்டவளிடம் கழித்தல் கணக்கு சொல்லித் தருகிறான் பிள்ளை. இவ்வளவு அக்கறை உள்ளவன் அடுத்த வாக்கியத்தில் என்ன சொல்கிறான்? "நீ ஒரு மூணு மாசம் இங்க வந்து பாப்பாவைப் பாத்துக்கயேன், க்ரெச் சரியில்லை." ஒன்றரை வயதுக் குழந்தையின் பின்னால் நாள் முழுக்க ஓடினால் துடிப்பு எவ்வளவு போகும் என்று அந்த வாட்ச்சுக்குத் தெரியாதா?

ஓட்டத்தையாவது உடம்புக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். பரீட்சை எழுதிக் கொடுப்பதை என்ன சொல்லி நியாயப்படுத்த? கொழுந்தனார் கேட்டார், "எவ்வளவு தர்றாங்க அண்ணி?" ஒன்றும் தருவதில்லை என்றேன். "பெட்ரோல் காசு?" இல்லை. "அப்ப எதுக்கு?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் மகளின் கல்விக் கடன் விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்து, "இதை மட்டும் கொஞ்சம் பாத்துடுங்க" என்றார். அதற்கும் காசு கிடையாது. அதை எதுக்கு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். பார்வையற்ற மாணவர் பதிலைச் சொல்வார், நான் விடைத்தாளில் எழுதுவேன். சொன்னதை மட்டும்தான் எழுத வேண்டும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. வாட்ஸாப்பில் முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி வரும்: "நாளை காலை 10. பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. ஸ்க்ரைப் தேவை. அவசரம்." பல்கலைக்கழகத் தேதி மாறியிருக்கும், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பெண்ணுக்கு அன்றைக்கே சொந்தப் பரீட்சை வந்திருக்கும். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக இருக்கும். குழுவில் பேர் கொடுத்தவர்கள் ஏராளம். உலக மாற்றுத் திறனாளிகள் தினத்தன்று கேக் வெட்டி போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்கூட அதில் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிச் செய்திக்கு மட்டும் நீல டிக் விழும், பதில் விழாது.

சரி, நான் வருகிறேன் என்கிறேன். அங்கேதான் அடுத்த கூத்து. மத்திய அரசு 2013இல் ஒரு வழிகாட்டுதல் போட்டது. எழுதிக் கொடுப்பவருக்குப் படிப்பு, மதிப்பெண், வயது என்று எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள், அதற்குப் பதில் கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அறிவுள்ள யாரோ எழுதியது. 2018இல் அதை மாற்றினார்கள். தேர்வு எழுதுபவர் தாமே ஆளைக் கூட்டி வந்தால், வருகிறவரின் படிப்பு அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றார்கள். படித்தவர் உட்கார்ந்தால் பதிலைத் தானே எழுதிவிடுவார் என்ற பயம். நான் எம்.காம். பட்டப்படிப்புத் தகுதி கேட்கிற வங்கித் தேர்வுக்கு உட்காரும் பையனுக்கு நான் எழுத முடியாது. நான் துணைக்கு உட்கார வேண்டுமானால் அவன் எம்.காமையும் தாண்டிப் படித்துவிட்டு வர வேண்டும் என்று ஆயிற்று. தகுதி உள்ளவர்கள் யார்? ப்ளஸ் டூ முடித்த காலேஜ் பிள்ளைகள். அவர்கள் வார நாளில் காலை பத்து மணிக்கு எங்கே இருப்பார்கள்? காலேஜில். வர முடிகிறவர்களுக்குத் தகுதி இல்லை, தகுதி உள்ளவர்களால் வர முடியாது. இப்படி ஒரு பூட்டைச் செய்து, சாவியைக் காவிரியில் போட்டுவிட்டு, மாற்றுத் திறனாளிகளுக்குச் சம வாய்ப்பு என்று 2016ஆம் வருஷச் சட்டத்தையும் வைத்திருக்கிறோம்.

செமஸ்டர் தேர்வுகளில் கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை வேறு. சில இடங்களில் பாடம் வேறாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். சில இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒரு கல்லூரியில் கண்காணிப்பாளர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், நரைத்த தலையைப் பார்த்தார், "மேடம், நீங்க மூணு மணி நேரம் எழுதுவீங்களா? கை நடுங்காதா?" என்றார். அன்று காலையில்தான் சித்திரை வீதியை முழுசாகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மாணவர், வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் பெஞ்சில் காத்திருந்தார். கடிதம் கொடு, துறைத்தலைவர் கையெழுத்து வாங்கு, முதல்வர் அறைக்குப் போ என்று அரை மணி போயிற்று. கேள்வித்தாள் பிரிக்கும்போது அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது.

ஆனால் உட்கார்ந்துவிட்டால் அது ஒரு தனி உலகம். அந்த மாணவர் முதலில் கேள்வி முழுவதையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "மேடம், முதல்ல மூணாவது கேள்வி. தலைப்பைப் பெருசா எழுதி அடிக்கோடு போடுங்க. புது பத்தி" என்று ஆரம்பித்தார். நிறுத்தற்குறி, உள்தலைப்பு எல்லாம் சொல்லிச் சொல்லிப் போனார். நடுநடுவே விரலால் தாளின் விளிம்பைத் தடவி, "எத்தனை பக்கம் வந்திருக்கு?" என்று கேட்பார். கூடுதல் தாள்களை நூலால் கட்டும்போது முடிச்சைத் தானே போட்டார். நான் போட்டால் அவிழ்ந்துவிடுமாம்.

வேலூர்ப் புரட்சிக்கு வந்தார். "1808இல்" என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ ஏறி நின்றது. 1806. வேலூர்க் கோட்டை, ஜூலை பத்து, தலைப்பாகை மாற்றச் சொன்ன தகராறு, எங்கள் பள்ளிக்கூட டீச்சர் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. பேனா நுனி எட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சொல்லக் கூடாது. தொண்டையைச் செருமினாலே குறிப்புக் கொடுத்த மாதிரி. 1808 என்றே எழுதினேன். முக்கால் மணி கழித்து, காந்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினார். "மேடம், முன்னாடி ரெண்டாவதா எழுதின பதில்ல, நாலாவது பத்தி முதல் வரி. வேலூர்னு வரும். அதுல வருஷம் 1806ன்னு மாத்துங்க." பக்கத்தைப் புரட்டினேன். நாலாவது பத்தி, முதல் வரி. கையில் தாளை வைத்திருந்த நான்தான் தேட வேண்டியிருந்தது.

மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரம் அவர்களுக்கு உண்டு. மூணு மணி நேரத் தேர்வு நாலு மணி நேரம். பத்துக்கு ஆரம்பித்தால் ரெண்டாகும், அன்றைக்கு அரை மணி தாமதம் வேறு. போன் வெளியே பையில். வந்து எடுத்துப் பார்த்தால் வரிசையாக மிஸ்டு கால், எல்லாம் வீட்டிலிருந்து. பயந்துபோய்க் கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல, தயிர் எங்க வெச்சிருக்க?" என்றார் என் வீட்டுக்காரர். தயிர் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. மூடிய பாத்திரத்தில் இருந்தது, அதுதான் சிக்கல். மூடியைத் திறந்து பார்க்கிற யோசனை அவருக்கு வரவில்லை. இவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு ரயிலும் இவரால் தடம் புரளவில்லை.

இந்தச் சொந்தக் கணக்கில் சேராத இன்னொன்றும் உண்டு. நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் சான்று கொடுக்க வேண்டும். 2014இலிருந்து விரல் ரேகை வைத்து வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று ஆகிவிட்டது. அரசுக்குச் சுலபம், பென்ஷன்காரருக்கு நான்தான் சுலபம். நாலு தெருவிலிருந்தும் வருகிறார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துபோன பாட்டிகள், விரலைப் புடவையில் துடைத்து, ஊதி, மறுபடி மறுபடி கருவியில் அழுத்துகிறார்கள். எடுக்காது. பெருவிரல் எடுக்காவிட்டால் மோதிர விரல், அதுவும் இல்லையென்றால் முகத்தைப் படம் பிடிக்கிற செயலி. "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்றால் பாட்டி வாயைத் திறக்கிறார். இதில் எனக்குக் கோபமே வருவதில்லை, வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு, நான் வியர்வையோடு படியேறும்போது, நாலு பேர் வாசலில் உட்கார்ந்து, "எங்கம்மா போயிட்ட? எவ்வளவு நேரமா காத்துக் கிடக்கறோம்" என்று கேட்கும்போது மட்டும் வருகிறது. ஆறு மணிக்கு எந்த ஆபீஸ் திறந்திருக்கிறது? இவர்கள் ஒருவர்கூட என் வீட்டுக்காரரிடம் விரலை நீட்டியதில்லை. அவர் அங்கேதான் இருக்கிறார். ஈஸிசேரில்.

இப்போது இந்த வருஷத்து நவம்பர் செமஸ்டர் அட்டவணை வந்துவிட்டது. துறையூர்க்காரருக்கு ஒரு பாடம் பாக்கி, இரண்டு பெண்களுக்குத் தமிழிலக்கியம், எல்லாம் சேர்த்துக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டாகிவிட்டது. பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன், பாப்பாவைப் பார்க்க டிசம்பரில் வருகிறேன், பார்க்கத்தான் வருகிறேன். நாத்தனார் வீட்டு வளைகாப்பு சிவப்பு வட்டம் ஒன்றின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, சாயங்காலம் வந்து வளையல் அடுக்குகிறேன் என்றதற்கு, "பரீட்சையை வேற யாராவது எழுதக் கூடாதா?" என்றார். வேறு யாராவது வளையல் அடுக்கக் கூடாதா என்று கேட்டேன். குட்மார்னிங் மறுபடி நின்றிருக்கிறது. பென்ஷன்காரர்களுக்கு மாலை நாலிலிருந்து ஆறு என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன். மாடி வீட்டுப் பெண்ணிடம், "பார்சலை மாமாகிட்ட கொடுக்கச் சொல்லு, அவரும் வீட்டுலதான் இருப்பார்" என்றேன். ஈஸிசேரில் பேப்பர் ஒரு தடவை தாழ்ந்து உயர்ந்தது.

பரீட்சை நாட்களுக்கு ஒரு சீட்டும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டியிருக்கிறேன். தயிர் இரண்டாவது தட்டு, எவர்சில்வர் பாத்திரம், மூடி கழற்ற வரும். சாம்பார் அதற்குப் பக்கத்தில். சாதம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், அரிசிக்கு ரெண்டரை பங்கு தண்ணீர், மூணு விசில். என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்று முழுதும் படித்தார். நல்ல மாணவர் மாதிரி இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரி" என்றார். "குக்கர் எந்த அலமாரில இருக்குன்னு எழுதலையே?"